ஹேர்ஷல் கண்ட விண்மீன்

1790ஆம் ஆண்டு நவம்பர் 13ஆம் நாள் இரவு, இங்கிலாந்தின் ஸ்லௌ என்னும் ஊரில் வில்லியம் ஹேர்ஷல் தம் தொலைகாட்டியை இடப இராசியின் பக்கம் திருப்பினார். ஜேர்மனியிற் பிறந்து, இசையைத் தொழிலாகக் கொண்டு இங்கிலாந்தில் வாழ்ந்து, 1781இல் யுரேனசைக் கண்டறிந்து பெரும்புகழ் எய்தியவர் அவர். அன்றிரவு அவர் கண்டது ஒரு தனி விண்மீன். அதனைச் சூழ்ந்து மங்கியதோர் ஒளிவட்டம்.

இக்காட்சி அவரைத் திகைப்பில் ஆழ்த்தியது. வானிற் புகைபோலத் தோன்றும் நெபுலாக்கள் யாவும் தொலைவிலுள்ள விண்மீன் கூட்டங்களே என்பது அதுவரை அவர் கொண்டிருந்த கொள்கை. அவற்றுட் சில, கோள்களைப் போல வட்டமாய்த் தோன்றியமையாற் 'கோள் நெபுலா' என்று பெயரிட்டவரும் அவரே. இங்கோ, நடுமீன் தெளிவாகத் தெரியவும், சூழவுள்ள ஒளி சிறிதும் பிரியவில்லை. அவ்வொளி விண்மீன் கூட்டமாயின், அதன் மீன்கள் நம்பவொண்ணாத சிறுமையுடையனவாதல் வேண்டும். அன்றேல் நடுமீன் அளவிறந்த பேருருவினதாதல் வேண்டும். இரண்டும் பொருந்தா. ஆகவே, அது விண்மீனல்லாத ஒளிரும் பொருளே எனத் துணிந்து, 1791இல் தம் பழைய கொள்கையைத் தாமே கைவிட்டார்.

1864இல் வில்லியம் ஹகின்ஸ் வேறொரு கோள் நெபுலாவின் ஒளியை நிறமாலைகாட்டியால் ஆராய்ந்து, அது வாயுவே என நிறுவினார். ஹேர்ஷல் கண்டதும் அவ்வினத்ததே.

ஆயின், அப்பொருள் திரண்டு விண்மீனாகும் என ஹேர்ஷல் எண்ணியது பொருந்தவில்லை. முதுமையெய்திய விண்மீன் வெளியே உதறிய வாயுவே கோள் நெபுலா. எஞ்சிய வெப்பமிக்க கருவின் புறவூதாக் கதிர்கள் அதனை ஒளிரச் செய்கின்றன.

இங்கு மற்றொரு புதிர் எழுந்தது. ஹேர்ஷல் கண்ட நடுமீனுக்கு அத்துணை வெப்பம் இல்லை. அவ்வாறாயின், வாயுவை ஒளிரச் செய்வது எது? இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அதன் ஒளியை ஆராய்ந்தோர், மிகு வெப்பமுடைய மற்றொரு மீன் அதனருகே மறைந்திருத்தலை உணர்ந்தனர். அவ்விரண்டும் ஏறக்குறைய 9 ஆண்டுக்கு ஒருமுறை ஒன்றையொன்று சுற்றிவருதலை 2017இல் வெளியான ஆய்வு உறுதிசெய்தது. என்ஜிசி 1514 என இன்று வழங்கும் அந்நெபுலாவுக்கு ஒளியூட்டுவது மறைந்துநிற்கும் அத்துணைமீனே.

இரட்டை விண்மீன்கள் ஈர்ப்பினாற் பிணைந்து சுற்றுகின்றன என்று 1803இல் உலகுக்கு எடுத்துக்காட்டியவரும் ஹேர்ஷலே. எனினும், தம் கொள்கையை மாற்றுவித்த விண்மீனே ஓர் இரட்டை என்பதை அவர் அறிந்திலர். அதனை அறிதற்குரிய கருவி அக்காலத்தில் இல்லை. ஐம்பது வயதைக் கடந்து, புகழின் உச்சியில் நின்ற காலத்தும், கண்ட காட்சிக்காகத் தம் கொள்கையை விடுத்தாரே, அதுவே அவர் பெருமை.