கந்தையிலே பிறந்த கலை

கந்தை என்னும் சொல்லை நாம் எளிமையாகவே வழங்கி வந்திருக்கிறோம். கிழிந்தது, நைந்தது, வறியவர் உடுப்பது என்பனவே அச்சொல்லைக் கேட்டதும் நம் நினைவில் எழுவன. ஆயின் நாம் பிழைப்பு நாடி வந்து நிலைத்துவிட்ட இவ்வங்க நாட்டில், அச்சொல்லுக்கு உறவான 'காந்தா' என்னும் சொல் பெண்டிர் கைவினையின் கொடுமுடியைக் குறிக்கின்றது. இரண்டுமே, ஒட்டுப்போட்ட துணியைக் குறிக்கும் வடசொல்லோடு தொடர்புடையன. இந்தக் காந்தாக்களை எவர் தேடிச் சேர்த்தனர், சேர்த்தவை எங்குச் சென்றன என்பதைச் சங்கத்து அன்பர்களுக்கு இம்மலரின் வாயிலாக எடுத்துரைக்க விழைகின்றோம்.

காந்தா என்பது பழம்புடவைகளையும் வேட்டிகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித் தைத்த போர்வை. பலகால் துவைத்துத் துவைத்துப் பூப்போல் மென்மையாகிவிட்ட வெண்துணிகளைத் தரையில் விரித்து, சுருக்கம் நீங்க இழுத்து, ஓரங்களைத் தைத்துக்கொள்வர். வண்ண நூலை விலைகொடுத்து வாங்குவதில்லை. கிழிந்த புடவையின் கரையிலிருந்தே இழை இழையாக உருவி எடுப்பர். பழைய காந்தாக்களில் சிவப்பும் நீலமும் கருப்புமே மிகுந்திருப்பதற்கு அதுவே காரணம். புடவைக் கரைகளின் நிறங்கள் அவை. நடுவில் ஒரு தாமரை; நான்கு மூலைகளிலும் மரம் அல்லது மாங்காய் வடிவம்; இடைவெளியில் யானை, குதிரை, மீன், பல்லக்கு, படகு, தேர் எனத் தைப்பவளின் மனம் போன போக்கு. தையலோ மிக எளியது. ஊசியை மேலும் கீழுமாக ஓட்டிச் செல்லும் நூலோட்டமே பெரும்பான்மையும். உருவங்களுக்கிடையே உள்ள வெற்றிடத்தையும் வெள்ளை நூலால் நெருங்கத் தைத்துக்கொண்டே போகும்போது துணி சற்றே சுருங்கி, காற்றடிக்கும் குளத்து நீர்போல் அலையலையாகத் தோன்றும். அவ்வலைகளை விரல்களால் தடவிப் பார்த்தாலன்றி அதன் அருமை விளங்காது.

குளிருக்குப் போர்த்தும் கனத்த காந்தாவுக்கு 'லேப்' என்றும், விருந்தினர் அமர விரிப்பதற்குச் 'சுஜ்னி' என்றும், நூல்களைச் சுற்றி வைப்பதற்குப் 'பைதன்' என்றும், கண்ணாடியும் சீப்பும் பொதிவதற்கு 'ஆர்ஷிலதா' என்றும் பெயர். குழந்தை பிறப்பதற்கு முன்பே அதற்கெனச் சிறு காந்தாக்களைத் தைத்து வைப்பர். கந்தையில் வளரும் பிள்ளையைக் கண்ணேறு அணுகாது என்பது நம்பிக்கை. பிறந்த மகவுக்குப் புதுத்துணி சாத்தாமல் பழந்துணியையே முதலில் உடுத்தும் நம் இல்லத்து வழக்கமும் இவ்விடத்தில் நினைவுக்கு வருகின்றது.

விற்பனைக்கென்று வங்கத்தில் போர்வைகள் தைக்கப்படாமலில்லை. பதினாறு, பதினேழாம் நூற்றாண்டுகளில் சாத்காவ்ன் துறைமுகத்துப் பக்கத்திலிருந்து, பருத்தித் துணியில் காட்டுப்பட்டு நூலால் வேலைசெய்த போர்வைகளைப் போர்த்துகீசியர் மேனாட்டுக்கு ஏற்றிச் சென்றனர். அவை இன்றும் அங்குள்ள காட்சிச்சாலைகளில் உள்ளன. வீட்டுக் காந்தாவின் கதை வேறு. அது மகனுக்காக, மருமகனுக்காக, பேரனுக்காகத் தைத்தது. விலை இல்லாததால் சந்தைக்கு வந்ததில்லை. சந்தைக்கு வராததால் கணக்கிலும் ஏறியதில்லை. போர்த்தினர், துவைத்தனர், நைந்தபின் மற்றொரு காந்தாவுக்கு உள்துணியாக்கினர். யாரேனும் ஒருவர் வந்து, "இதை எனக்குக் கொடுங்கள்" என்று கேட்டிராவிட்டால் ஒன்றேனும் எஞ்சியிருக்குமா என்பது ஐயமே.

அவ்வாறு கேட்டவர்களுள் தலையாயவர் குருசதய் தத். சில்ஹெட் மாவட்டத்துப் பீரஸ்ரீ என்னும் சிற்றூரில் 1882-ஆம் ஆண்டு பிறந்து, 1905-இல் ஐ.சி.எஸ். பணியில் சேர்ந்தவர். மைமன்சிங், பீர்பூம் முதலிய மாவட்டங்களில் கலெக்டராக இருந்தார். கலெக்டர் என்றால் வரி தண்டுபவர் என்றே நம் நாட்டு மக்கள் அறிந்திருந்த காலம் அது. இந்தக் கலெக்டரோ, ஊர் ஊராகச் சுற்றுப்பயணம் போன இடத்தில், மக்கள் தூக்கி எறிய இருந்தவற்றைத் தண்டினார்! படக்கதை சொல்வோரின் நெடுஞ்சுருள்கள், சுடுமண் பொம்மைகள், மரச்சிற்பங்கள், மிட்டாய் வார்க்கும் அச்சுகள், இவற்றோடு காந்தாக்கள். 1929-ஆம் ஆண்டு முதல் பத்தாண்டுகள் இப்பணி நடந்தது. 1932-இல் அவர் தொடங்கிய விரதசாரி இயக்கத்தை மட்டும் அறிந்தவர் பலர். எமக்கோ அவர் தண்டிய பொருள்களே அவருடைய பெரும்பணி என்று தோன்றுகின்றது. 1941-இல் அவர் மறைந்தார். கொல்கத்தாவின் தெற்கே, டயமண்ட் ஹார்பர் சாலையில் ஜோகாவில், அவர் பெயரால் அமைந்த காட்சிச்சாலை 1963-இல் திறக்கப்பெற்றது.

அங்குள்ள காந்தாக்களுள் ஒன்று குல்னா மாவட்டத்து மானதாசுந்தரி தாசி என்னும் பெண்மணி பத்தொன்பதாம் நூற்றாண்டில் தைத்தது. தம் தந்தைக்காகத் தம் கையாலேயே செய்தது என்று அவர் நூலாலேயே எழுதி வைத்திருக்கிறார். சிப்பாய்களும் வெள்ளைக்காரத் துரைமார்களும் அதிலே இடம்பெற்றுள்ளனர். அவ்வம்மையாரைப் பற்றி வேறொன்றும் உலகம் பெரிதாக அறியவில்லை. எனினும் ஒரு பெயர், ஒரு மாவட்டம், ஒரு தந்தை ஆகிய மூன்றையும் அத்துணி நமக்குச் சொல்கின்றது. பெரும்பாலான காந்தாக்கள் இந்த மூன்றில் ஒன்றையும் சொல்வதில்லை.

தத் தனித்து நின்றவர் அல்லர். 1937-இல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் தோன்றிய ஆசுதோஷ் காட்சிச்சாலையும் காந்தாக்களைச் சேர்த்தது. வியன்னாவில் கல்வி கற்று, தாகூரின் அழைப்பால் சாந்திநிகேதனம் வந்து, பின்னர் அப்பல்கலைக்கழகத்தில் பல்லாண்டு கற்பித்த ஸ்டெல்லா கிராம்ரிஷ் அம்மையார், 1939-இல் காந்தாவைப் பற்றி அரியதொரு கட்டுரை எழுதினார். இந்துக் கோயிலைப் பற்றிய அவருடைய பெருநூலைக் கற்றோர் அறிவர். கோயிலைக் கண்ட அதே கண்ணால் கந்தையையும் கண்டார் என்பதே அவர் சிறப்பு. 1950-இல் அவர் அமெரிக்கா சென்றார். அவர் சேர்த்த காந்தாக்கள் இன்று பிலடெல்பியா நகரத்துக் காட்சிச்சாலையில் உள்ளன. தைத்தவளின் பேத்தி அவற்றைக் காண விரும்பினால் கடல் கடக்கவேண்டும். ஆயினும் இங்கேயே கிடந்திருந்தால் பேத்தியின் பிள்ளைக்கு விரிப்பாகி மறைந்திருக்கும். எது நன்று என்று எம்மால் துணிந்து கூற இயலவில்லை.

1947-ஆம் ஆண்டுப் பிரிவினை இக்கதையில் மற்றொரு கோட்டைக் கிழித்தது. காந்தாவுக்குப் பேர்பெற்ற ஜெஸூரும் குல்னாவும் பரீத்பூரும் மைமன்சிங்கும் எல்லைக்கு அப்பால் போயின. தத்தின் பிறந்த ஊரும் அப்பால் போயிற்று. அன்று கையில் அகப்பட்டதைச் சுருட்டிக்கொண்டு வந்த குடும்பங்கள் பல, அந்தச் சுருட்டலைக் கட்டியதே ஒரு காந்தாவில்தான். ஜோகாவிலுள்ள காந்தாக்கள் பலவும், இன்று வேற்றுநாடாகிவிட்ட ஊர்களின் கைவேலை.

அக்காட்சிச்சாலைக்கு 1984 முதல் மத்திய அரசின் ஜவுளி அமைச்சகம் நிதி வழங்கி வந்தது. 2017-இல் அவ்வுதவி நின்றது. ஊதியமின்றியும் பணியாளர் பொருள்களைக் காத்து வந்தனர் என்று செய்தித்தாள்களில் படித்தபோது நாணமே மேலிட்டது. கந்தை என்று மக்கள் எறிய இருந்ததை ஒருவர் காப்பாற்றினார். காப்பாற்றியதைக் காப்பது அதனினும் அரிதாயிருக்கிறது.

இக்காலத்தில் காந்தா வேலை கடைகளில் நிறைய விற்கிறது. 2008-இல் மேற்கு வங்கத்தின் பெயரால் புவிசார் குறியீடும் கிடைத்தது. புதுப்பட்டில் புதுநூலால் தைக்கின்றனர். பல பெண்களுக்கு அதனால் அடுப்பெரிகின்றது. குறைகூற நமக்கு உரிமையில்லை. ஆனால் பழம்பொருள் திரட்டுவோர் சிலர்மீது எமக்கு வருத்தமுண்டு. எந்த ஊர், எவர் கை, எவருக்காக என்று கேளாமல், விலையை மட்டும் பேசி எடுத்துச் செல்கின்றனர். பழங்குடியினரின் வெள்ளி நகைகளுக்கும் இதுவே நேர்கிறது. எடைபோட்டு வாங்கி உருக்கிவிடுவோர் ஒருபுறம், பெயரறியாமல் கண்ணாடிப் பெட்டியில் வைப்போர் மறுபுறம். நம்மவரும் இதில் விலக்கல்லர். பாட்டியின் சரிகைப் புடவையைப் போட்டு எவர்சில்வர்ப் பாத்திரம் வாங்காத தமிழ் இல்லம் இந்நகரில் எத்தனை?

எம் வீட்டிற்கு அடுத்த வீட்டில் வங்காளி மூதாட்டியார் ஒருவர் வாழ்கிறார். ஜெஸூரிலிருந்து தாயின் இடுப்பில் வந்தவர். சென்ற மழைக்காலத்தில் பெட்டியைத் திறந்து உலர்த்தியபோது ஒரு காந்தாவைக் கண்டோம். நடுத்தாமரை பாதி அழிந்திருந்தது. ஓரத்து மீன்கள் மட்டும் தெளிவாக நின்றன. "மாசீமா, இதைத் தைத்தவர் யார்?" என்று கேட்டோம். "தாகுர்மா" என்றார், தந்தையைப் பெற்ற பாட்டி. "அவர் பெயர்?" என்றோம். நெடுநேரம் எண்ணிப் பார்த்தார். வீட்டில் எல்லோரும் தாகுர்மா என்றே அழைத்ததாகவும், பெயர் சொல்லி அழைக்கத்தக்க பெரியவர் எவரும் தாம் அறிந்த நாளில் உயிரோடு இல்லையென்றும் கூறினார்.

ஒரு தாளில் ஊர்ப்பெயரையும் மாவட்டத்தையும் அவர் சொல்லச்சொல்ல எழுதினோம். பேரன் பிறந்தபோது தைத்தது என்பதையும் எழுதினோம். பெயர் என்பதற்கு எதிரே இடம் விட்டு, தாளை மடித்துக் காந்தாவின் உள்ளே வைத்துக் கொடுத்தோம். அன்றிரவு எம் இல்லத்தில், எம் அன்னையின் அன்னைக்குப் பெயர் என்ன என்று கேட்டுப் பார்த்தோம். இரண்டு பேர் இரண்டு பெயர் சொன்னார்கள்.