துருப்பிடிச்ச கம்பி யாருது?

யூட்யூபுல வெள்ளைக்காரங்க மெட்டல் டிடெக்டரைத் தூக்கிக்கிட்டு காட்டுக்குள்ள அலையற வீடியோ பார்த்திருப்பீங்க. ரோமானியக் காசு கிடைச்சா குதிப்பாங்க. இரும்பு கிடைச்சா தூக்கிப் போட்டுட்டுப் போயிடுவாங்க. இரும்புக்குச் சத்தமே போடாதபடி செட் பண்ணிக்கிற வசதி கூட பல மிஷின்ல உண்டு. எனக்கென்னவோ அந்த ஒதுக்கப்பட்ட இரும்பு மேலதான் ஒரு கண்ணு :-)

காரணம் கொடுமணல். திருப்பூருக்குக் கிழக்கே, நொய்யல் வடகரையில, ஈரோடு மாவட்டத்துல இருக்கு. பதிற்றுப்பத்துல 'கொடுமணம்'னு வர்ற ஊர் இதுதான்னு அறிஞர்கள் சொல்றாங்க. 1980கள்ல தமிழ்ப் பல்கலைக்கழகம் தோண்டுச்சு. 2012-13ல பேராசிரியர் கா. ராஜன் தலைமையில புதுவைப் பல்கலைக்கழகம் மறுபடி தோண்டுச்சு. கல்மணி, தமிழி எழுத்து பொறிச்ச பானையோடு எல்லாம் நிறைய பேர் எழுதிட்டாங்க. நான் சொல்ல வர்றது இரும்பு பத்தி. சென்னிமலைப் பக்கத்து இரும்புத் தாதுவை வச்சு இங்கயே உருக்கியிருக்காங்க. உலை, மூசை, கசடு எல்லாமே கிடைச்சிருக்கு.

ஆனா மண்ணுக்குள்ள 2000 வருஷம் கிடந்த இரும்பைப் பார்த்து இது இன்னதுன்னு சொல்றது லேசுப்பட்ட வேலை இல்லீங்க. இரும்பு துருவாகும்போது முன்னைவிட அதிக இடத்தை அடைச்சுக்கும், கூடவே மண்ணும் கல்லும் ஒட்டிக்கும். மெல்லிசான கம்பி விரல் தடிமனுக்கு ஊதிடும். கத்தி கட்டையாத் தெரியும். உள்ள என்ன மிச்சம் இருக்குன்னு தெரிய எக்ஸ்ரே எடுக்கணும். கைப்பிடி செருகுற வால் இருக்கா, மரக்காம்பு நுழையற குழல் இருக்கா, எந்தப் பக்கம் கூர்னு அப்புறம்தான் பார்க்க முடியும்.

சரி, கையில ஒரு துருப்பிடிச்ச கம்பி மட்டும் இருக்குன்னு வச்சுக்குங்க. ஆணியா? அம்போட காம்பா? துளை போடற ஊசியா? எதுன்னாலும் நம்பிடலாம்.

கொடுமணல்ல சுடுமண் வில்லைகள் கிடைச்சுது, நடுவுல ஓட்டையோட, அதுல இரும்புக் கம்பியோட. இப்ப சந்தேகமே இல்லை. அது தக்களி! காந்தி காலத்துப் பள்ளிக்கூடங்கள்ல பிள்ளைங்க நூல் நூத்தாங்களே, அதே சமாச்சாரம். கம்பியை மட்டும் சுத்திவிட்டா உடனே நின்னுடும். வில்லையோட எடை இருக்கறதால சுழற்சி கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும், அந்த நேரத்துல பஞ்சு முறுக்கேறி நூலாயிடும். இன்னிக்கு நம்மூரு பனியனுக்கு நூல் தர்ற மில்லுல ஓடற கதிருக்கு இது பாட்டி முறை.

கம்பியைத் தக்களின்னு காட்டிக் கொடுத்தது பக்கத்துல இருந்த, பத்துப் பைசா பெறாத மண் வில்லை. டிடெக்டருக்குச் சுடுமண் தெரியாது. கம்பி சத்தம் கேட்டு ஒருத்தர் தோண்டி எடுத்திருந்தா வில்லை உடைஞ்சு மண்ணோட போயிருக்கும். இங்க நூல் நூத்தாங்கங்கற செய்தியும் அதோட போச்சு. இதே கொடுமணல்ல குடியிருப்பு ஒரு பக்கம், ஈமக்காடு ஒரு பக்கம். ஒரே மாதிரி கத்தி வீட்டுப் பக்கம் கிடைச்சா வேலைக் கருவி, கல்லறைக்குள்ள கிடைச்சா செத்தவருக்கு வச்ச படையல். கத்தியை வச்சு மட்டும் பார்த்தா ரெண்டும் ஒண்ணுதான்.

டிடெக்டர் வாங்கற யோசனை இருக்கறவங்களுக்கு ஒண்ணு: 1878ல வெள்ளைக்காரன் போட்ட புதையல் சட்டம் இன்னும் இருக்கு. மண்ணுல மறைஞ்சு கிடந்த, பத்து ரூபாய்க்கு மேல மதிப்புள்ள பொருள் கிடைச்சா கலெக்டருக்கு எழுத்து மூலமாத் தெரிவிக்கணும்.

சைட் போட ஜேசிபி விடறப்போ, கிணறு வெட்டறப்போ தானா ஏதாவது வெளிய வந்தாலும் உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீங்க. துருவோடதான் மரக்காம்பின் நார், துணியின் நெசவுத் தடம் எல்லாம் ஒட்டியிருக்கும். கிடந்த இடத்துலயே பக்கத்து ஓட்டாஞ்சில்லோட சேர்த்து ஒரு போட்டோ எடுங்க. அளவு தெரிய ஒரு பேனாவைப் பக்கத்துல வையுங்க. அப்புறம் தாசில்தாருக்கோ தொல்லியல் துறைக்கோ ஒரு வார்த்தை சொல்லிடுங்க.