உடுவில் மகளிரின் விசுவாசமும் மகிழ்ச்சியும்

நமது பழைய மாணவிகள் சங்கம் நூறாண்டை நிறைவுசெய்யும் இவ்வேளையில், உலகின் பல திசைகளிலும் வாழும் சகோதரிகள் ஒரே கவலையைப் பல விதமாகச் சொல்கின்றனர். “பிள்ளைகள் தேவாலயத்துக்கு வரப் பின்னிற்கிறார்கள். உடுவிலில் நாம் பெற்ற விசுவாசத்தையும் மகிழ்ச்சியையும் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எப்படிக் கொடுப்பது?” காலம் மாறும்போது விசுவாசம் நிலைக்குமா என்ற இக்கேள்வி நமது கல்லூரிக்குப் புதிதன்று. அதன் வரலாற்றில் இக்கேள்வி எழுந்த சில வேளைகளை இங்கு நினைவுகூர விரும்புகிறோம்.

அமெரிக்க மிஷனரிமார் 1816 இல் யாழ்ப்பாணம் வந்தனர். 1824 இல் ஹரியற் வின்ஸ்லோ அம்மையார் உடுவிலில் பெண்களுக்கான விடுதிப் பாடசாலையை ஆரம்பித்தார். பெண்பிள்ளைக்கு எழுத்து எதற்கு என்று ஊர் கேட்ட காலம் அது. ஆகவே பிள்ளைகளுக்கு உணவு, உடை, உறைவிடம் யாவற்றையும் மிஷனே கொடுத்தது. அமெரிக்காவிலிருந்து பணம் அனுப்பிய நன்கொடையாளரின் பெயர்கள் பிள்ளைகளுக்குச் சூட்டப்பட்டன. படிப்பை முடித்துக் கிறிஸ்தவரை மணந்தவர்களுக்குச் சிறிய சீதனமும் கிடைத்தது. இவற்றை நாம் மறைக்க வேண்டியதில்லை. சோற்றுக்கும் சீதனத்துக்குமாக வேதத்தில் சேர்ந்தார்கள் என்ற பேச்சு எழுந்ததிலும் வியப்பில்லை. அந்தப் பேச்சுக்கான பதில் ஒரு பெண்மணியின் வாழ்க்கையில் கிடைத்தது.

ஹரியற் அம்மையார் 1833 இல் காலமானபின் ஸ்போல்டிங் தம்பதியினர் பாடசாலையைப் பராமரித்தனர். 1840 இல் நியூயோர்க்கிலிருந்து எலைசா அக்நியூ அம்மையார் வந்து சேர்ந்தார். 1879 வரை அவர் இங்கே பணியாற்றினார். ஒரு தடவையேனும் தாய்நாட்டுக்குத் திரும்பவில்லை. 1883 இல் மானிப்பாயில் காலமானார். அவரிடம் கற்ற பெண்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். ஆயிரம் மகள்மாரின் தாய் என அவர் அழைக்கப்பட்டது இதனாலேயே. முதலில் தாய், பின்னர் மகள், அதன்பின் பேர்த்தி என ஒரே குடும்பத்தின் மூன்று தலைமுறையினருக்கு அவர் கற்பித்தார்.

பாடசாலை விடுமுறை விட்டதும் அம்மையார் ஓய்வெடுக்கப் போகவில்லை. ஊர் ஊராகச் சென்று, மணமுடித்துப் போன மாணவிகளை அவர்கள் வீடுகளிலேயே சந்தித்தார். சுகம் விசாரித்தார், சேர்ந்து ஜெபித்தார். பழைய மாணவிகள் சங்கம் என ஒன்று தோன்றுமுன்னரே அதன் வேலையை ஒருவர் செய்துவிட்டார் என்று நாம் சொல்லலாம். சீதனப் பணம் ஒரு நாளில் செலவாகிவிடும். தன்னைத் தேடி ஒருவர் வந்தார் என்ற மகிழ்ச்சி ஒரு பெண்ணின் ஆயுள் முழுவதும் அவளுடன் இருக்கும்.

அம்மையாரின் காலத்திலேயே ஒரு பெரிய சோதனை வந்தது. 1855 இல் மிஷன் தலைமையகத்தின் தூதுக்குழு யாழ்ப்பாணம் வந்து, ஆங்கிலக் கல்வியை விட்டுத் தாய்மொழியிலே கற்பிக்க வேண்டுமென முடிவுசெய்தது. புகழ்பெற்ற வட்டுக்கோட்டை செமினரி மூடப்பட்டது. உடுவிலிலும் ஆங்கிலம் நின்றது. பலருக்கு இது பேரிழப்பாகவே தோன்றியது. ஆனால் தமிழில் வேதத்தை வாசித்துத் தமிழில் ஜெபித்த பெண்களால் அந்த விசுவாசத்தை அடுக்களைக்கும் திண்ணைக்கும் கொண்டுபோக முடிந்தது. மாமியாருடனும் அயலவருடனும் பேசும் மொழியிலேயே அது வேர்விட்டது. நம் வீடுகளில் மாலை ஜெபத்தின்போது தாளத்துடன் பாடப்பட்ட கீர்த்தனைகளில் நாம் கேட்டதும் அந்த மகிழ்ச்சியே.

1913 இல் நமது அயலிலேயே இராமநாதன் மகளிர் கல்லூரி எழுந்தது. சைவப் பெற்றோருக்குத் தம் பெண்பிள்ளைகளைப் படிப்பிக்க வேறொரு நல்ல வாசல் திறந்தது. அதன்பின்னும் உடுவிலைத் தேடிவந்த சைவப் பிள்ளைகள், தாமாகத் தெரிந்தெடுத்து வந்தவர்கள். அவர்கள் விடுதியில் நம்முடன் கீர்த்தனை பாடினார்கள். நாம் அவர்கள் வீட்டுப் பொங்கலை உண்டோம். நமது விசுவாசத்தைப் பிறரை இகழாமல் வாழ நாம் கற்றது அந்தத் தோழிகளிடமிருந்தே.

மாற்றங்கள் தொடர்ந்தன. 1945 இல் இலவசக் கல்வி வந்தது. 1947 இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது யாழ்ப்பாண ஆதீனத்தின் முதற் பேராயராக நம்மவரான குலேந்திரன் பொறுப்பேற்றார். 1960 ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் உதவிபெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றபோது, நமது கல்லூரி தனியார் பாடசாலையாகவே நிலைத்தது. அரச உதவியும் இல்லை, கட்டணம் அறவிடவும் இயலாது என்ற நிலையில் கல்லூரியைத் தாங்கியவர்களுள் பழைய மாணவிகள் முன்னின்றார்கள். ஒருகாலத்தில் அந்நிய நாட்டுப் பணத்தில் உண்ட பிள்ளைகளின் வழித்தோன்றல்கள், இப்போது தம் கையால் கொடுத்தார்கள்.

1995 ஒக்ரோபர் 30 ஆந் திகதி வலிகாமம் முழுவதும் மழையில் நனைந்தபடி இடம்பெயர்ந்ததை நம்மில் பலர் மறக்க முடியாது. வீடும் ஆலயமும் பின்னால் நின்றுவிட்டன. தென்மராட்சியில் கிடைத்த கூரைகளின்கீழ் கிறிஸ்தவரும் சைவரும் ஒரே அடுப்பில் சமைத்தோம். அங்கே பாடுவதற்குப் புத்தகமும் இல்லை, ஆர்மோனியமும் இல்லை. மனத்திலிருந்த வரிகளைப் பாடினோம். மகிழ்ச்சி என்று அதைச் சொல்லத் தயக்கமாக இருக்கலாம். ஆனால் அந்த இரவுகளில் நம்மை உடையாமல் வைத்திருந்தது அதுவே.

இன்று ரொறன்ரோவிலும் லண்டனிலும் மெல்பேர்ணிலும் கொழும்பிலும் வளரும் நம் பிள்ளைகளின் உலகம் வேறு. அவர்கள் கேள்வி கேட்கிறார்கள். விசுவாசம் ஏன், தேவாலயம் ஏன், அநீதி நடக்கையில் திருச்சபை எங்கே என்று கேட்கிறார்கள். அக்கேள்விகளைக் கண்டு நாம் அஞ்ச வேண்டாம். கட்டாயப்படுத்தி ஆராதனையில் இருத்தினால் அவர்கள் இருக்கையில் இருப்பார்கள், மனம் இராது. அக்நியூ அம்மையார் செய்ததையே நாமும் செய்யலாம். அவர்கள் இருக்கும் இடத்துக்குப் போவோம். பெறாமக்களையும் பேரப்பிள்ளைகளையும் காரணமின்றித் தொலைபேசியில் அழைத்துச் சுகம் விசாரிப்போம். தெரிந்த கீர்த்தனையொன்றைப் பாடிக்காட்டுவோம். தனித்திருக்கும் வயோதிபச் சகோதரி ஒருவரைப் பார்க்கப் போகும்போது அவர்களையும் கூட்டிச்செல்வோம். மகிழ்ச்சியைச் சொல்லிக் கொடுப்பது கடினம். கண்ட பிள்ளை அதைத் தானே கற்றுக்கொள்ளும்.

நம் சங்கத்தின் அடுத்த நூறாண்டும் இவ்வாறே தொடர, நமது கல்லூரி அன்னையை இதுவரை காத்த ஆண்டவர் அவரது மகள்மார் யாவரையும் அவர்கள் வாழும் இடங்களிலெல்லாம் ஆசீர்வதிப்பாராக.