மட்டக்களப்பின் மணலும் களியும்

மட்டக்களப்பு வாவியைச் சூழ்ந்த நிலத்தை அந்நாட்டு மக்கள் இரு கூறாகப் பிரித்து வழங்குவர். ஞாயிறு எழும் திசையில், வாவிக்கும் கடலுக்கும் இடையே கிடப்பது எழுவான்கரை. ஞாயிறு படும் திசையில் விரிந்திருப்பது படுவான்கரை. முன்னது மணல், பின்னதன் வயல்நிலங்களில் களி மிகுதி, அடியில் கடும்பாறை. இவ்விரு கரைகளின் வாழ்க்கையும் வேறுபட்டு வளர்ந்தமைக்கு, மண் நீரைத் தன்னூடே செல்லவிடும் இயல்பும் ஒரு காரணமாகும்.

மணற்பருக்கைகளின் இடைவெளிகள் பெரியவை, ஒன்றோடொன்று தொடர்புடையவை. களியும் நீரை மிகுதியாகக் கொள்ளும். ஆயின் அதன் துளைகள் மிக நுண்ணியவை ஆதலால், கொண்ட நீரை எளிதில் நகரவிடாது. பருமணலில் நாளொன்றுக்குப் பல மீற்றர் செல்லும் நீர், இறுகிய களியில் ஒரு மில்லிமீற்றர்கூடச் செல்வதரிது. கடும்பாறையிலோ வெடிப்புகளும் சிதைந்த மேற்படையுமே நீருக்கு வழி.

இதனை முன்னோர் பட்டறிவால் அறிந்திருந்தனர். படுவான்கரையில் அணை கட்டி உன்னிச்சை போன்ற குளங்களில் மழைநீரைத் தேக்கி நெல் விளைவித்தனர். எழுவான்கரை மணலில் குளம் தேக்குதல் அரிது. ஆகவே அங்கே ஆழமற்ற துரவுகளை அகழ்ந்து, ஊறிய நீரைக் குடத்தால் முகந்து தோட்டம் செய்தனர்.

இவ்வியல்பை அளவிட்டுக் கூறியவர் பிரான்சு நாட்டுப் பொறியியலாளர் ஆன்றி டார்சி. டிஜோன் நகரின் நீர்வழங்கல் பற்றி அவர் 1856ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், மணல் நிரப்பிய குழாயூடாக நீரைச் செலுத்திக் கண்ட விதியை எழுதினார். நீர்மட்ட வேறுபாடு கூடினால் ஓட்டமும் அவ்வீதம் கூடும். மணற்படையின் நீளம் கூடினால் ஓட்டம் குறையும். மண்ணுக்கு மண் மாறும் ஓர் எண்ணும் இவ்விதியில் உண்டு. மணலையும் களியையும் வேறுபடுத்துவது அவ்வெண்ணே.

எழுவான்கரையின் கிணறுகளுக்கு மற்றொரு விதியும் பொருந்தும். 1638இல் போர்த்துக்கேயரிடமிருந்து மட்டக்களப்புக் கோட்டையைக் கைப்பற்றிய ஒல்லாந்தரின் நாட்டிலே, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் படோன் கைபன் என்பார் அதனைக் கூறினார். செருமானியரான ஏர்ஸ்பேர்க் 1901இல் தாமும் அதனையே நிறுவினார். நன்னீர் உவர்நீரைவிட இலேசானது. எனவே மணலினுள் உவர்நீரின்மேல் அது மிதக்கின்றது. கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பதடி நன்னீர் இருக்கும். மேலே ஓரடி இறைத்துக் குறைத்தால், காலப்போக்கில் அடியிலுள்ள உவர் நாற்பதடி மேலெழும். குடத்தால் முகந்த காலத்தில் அரிதாயிருந்த இவ்வாபத்து, நீர்ப்பம்பிகள் வந்தபின் பெரிதாயிற்று.

2004 டிசம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை இதனைக் கொடுமையாக உணர்த்தியது. கல்லடி முதலிய கரையூர்களின் கிணறுகளில் கடல்நீர் புகுந்தது. நிலத்தின்மேல் நின்ற உப்புநீரையும் மணல் விரைந்து உறிஞ்சியது. கிணற்றைத் தூய்மையாக்கும் எண்ணத்துடன் அளவின்றி இறைத்த இடங்களில் அடியுவர் மேலெழும் அபாயமும் சேர்ந்தது. நோயைத் தீர்த்த பெரும்பங்கு வடகீழ்ப் பருவமழைக்கே உரியது. உப்பை விரைந்து உள்ளே விட்ட அம்மணலே, மழைநீரையும் விரைந்து உள்ளே விட்டு உப்பைச் சிறிது சிறிதாக வெளியேற்றியது.

பின்னர் உன்னிச்சைக் குளத்து நீர் குழாய்வழியே நகருக்கு வரலாயிற்று. படுவான்கரையின் களி காத்த நீரை எழுவான்கரை பருகுகின்றது. ஆயினும் கிணறுகள் கைவிடத்தக்கவையல்ல. உப்பை ஏற்ற மணல், அருகிலுள்ள மலக்குழியின் அழுக்கையும் தோட்டத்து உரத்தையும் ஏற்கும். குழிக்கும் கிணற்றுக்கும் இடையே போதிய தூரம் விடுவதும், ஊறும் அளவறிந்து இறைப்பதும், மழைநீரை நிலத்துள் இறங்கவிடுவதும் அம்மணலில் வாழ்வோரின் கடமையாகும்.