மசோக் முதல் கிறே வரை: சம்மதம் விடுபட்ட கதை

ஓர் எழுத்தாளர் உயிரோடிருக்கும்போதே அவருடைய குடும்பப் பெயர் ஒரு நோயின் பெயராக மாற்றப்படுவது இலக்கிய வரலாற்றில் மிக அபூர்வமாகவே நிகழ்ந்திருக்கிறது. ஒஸ்திரியப் பேரரசின் லெம்பேர்க் நகரில் (இன்றைய உக்ரேனின் லிவிவ்) 1836இல் பிறந்த லியோபோல்ட் ஃபொன் சாக்கர்-மசோக் அந்தத் துர்ப்பாக்கியத்துக்கு ஆளானவர். கலீசியப் பிரதேசத்தின் கிராமத்தவர்களையும் யூதர்களையும் பற்றி அவர் எழுதிய கதைகளை இன்று தேடிப் படிப்பவர்கள் சொற்பமே. 1870இல் வெளியான 'உரோம ஆடை அணிந்த வீனஸ்' என்ற நாவல் ஒன்றினாலேயே உலகம் அவரை அறிந்து வைத்திருக்கிறது.

தான் நேசிக்கும் பெண்ணுக்கு அடிமையாக இருக்க விரும்பும் ஓர் ஆடவனின் கதை அது. அந்த அடிமைத்தனம் வாய்ப்பேச்சோடு நிற்பதில்லை. இருவரும் ஒப்பந்தம் எழுதிக் கையொப்பமிடுகிறார்கள். இது வெறும் கற்பனையுமல்ல. 1869இன் இறுதியில் மசோக், ஃபனி பிஸ்டோர் என்ற பெண்ணுடன் ஆறு மாத காலத்துக்கு அத்தகைய உடன்படிக்கை ஒன்றைச் செய்துகொண்டிருந்தார்.

கட்டுதல், கட்டளையிடல், அடிபணிதல், நோவு கொடுத்தல், நோவு ஏற்றல் ஆகியவற்றை இருவர் தமது அந்தரங்க உறவின் ஒரு பகுதியாக விரும்பி ஏற்பதை இக்காலத்தில் பி.டி.எஸ்.எம். என்ற சுருக்கப் பெயரால் அழைக்கிறார்கள். விரும்பி ஏற்பது என்ற அந்த இரண்டு சொற்களே இங்கு முக்கியமானவை. கடந்த 150 ஆண்டுகளாக நாவலும் பத்திரிகையும் திரைப்படமும் இந்த விடயத்தை மக்கள் முன் வைத்த விதத்தை நோக்கினால், பெரும்பாலும் அந்த இரண்டு சொற்களே விடுபட்டுப் போயிருப்பதைக் காணலாம்.

அதன் தொடக்கம் வைத்தியத் துறையில் நிகழ்ந்தது. உளநோய் வைத்தியரான றிச்சார்ட் ஃபொன் கிராஃப்ட்-எபிங், பாலியல் உளநோய்கள் பற்றிய தமது புகழ்பெற்ற நூலை 1886இல் வெளியிட்டார். வைத்தியர்களுக்கும் சட்டத்துறையினருக்குமென எழுதப்பட்ட அந்நூலின் சில பகுதிகளை, பாமரர் படித்துவிடக்கூடாது என்பதற்காக அவர் இலத்தீனில் எழுதினார். ஆனாலும் பொது வாசகர்கள் அதனைத் தேடி வாங்கினர். பதிப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 1890இல் அவர் 'மசோக்கிசம்' என்ற சொல்லை அறிமுகப்படுத்தினார். மசோக் இறந்தது 1895இல்தான். தம் பெயர் நோயாளர் பட்டியலின் தலைப்பாகியதைக் கண்ட பின்பே அவர் கண்மூடினார்.

நோவு ஏற்பதற்கு மசோக்கின் பெயரை இட்ட கிராஃப்ட்-எபிங், நோவு கொடுப்பதற்குப் பிரெஞ்சுப் பிரபுவான மார்க்கி த சாத்தின் பெயரிலிருந்து பிறந்த 'சாடிசம்' என்ற சொல்லைப் பயன்படுத்தினார். 1905இல் சிக்மண்ட் பிராய்ட் இரண்டையும் ஒரே நாணயத்தின் இரு பக்கங்களாகவே கருதினார். ஆனால், சாத் யார்? 1768ஆம் ஆண்டின் உயிர்த்த ஞாயிறன்று, றோஸ் கெலர் என்ற ஏழை விதவையை வேலை தருவதாகக் கூறி ஆர்க்கேய் என்ற இடத்திலிருந்த வீட்டுக்கு அழைத்துச் சென்று சவுக்கால் அடித்தவர். அந்தப் பெண் தப்பியோடி முறைப்பாடு செய்தார். ஒருவர் ஒப்பந்தம் எழுதியவர். மற்றவர் ஏமாற்றி அடித்தவர். இவ்விருவரையும் ஒரே சொற்றொடரில் பிணைத்தபோது, சம்மதத்துக்கும் வன்முறைக்கும் இடையிலிருந்த எல்லைக் கோடு அழிந்துபோயிற்று. சாத்தின் உலகும் மசோக்கின் உலகும் வெவ்வேறானவை என்று பிரெஞ்சுத் தத்துவவாதி ஜில் டெலூஸ் 1967இல் வாதிட்டார். அதற்குள் அந்தச் சொல் வழக்கில் ஊறிவிட்டிருந்தது.

வைத்திய நூலின் நோயாளியைத் திரைப்படம் கொலையாளியாக்கியது. வில்லியம் பிரீட்கின் இயக்கி, அல் பசினோ நடித்து 1980இல் வெளியான 'குரூசிங்', நியூயோர்க் நகரின் தோலாடை மதுச்சாலைகளுக்கு வரும் தன்பாலீர்ப்பு ஆடவர்களைத் தொடர் கொலைகளோடு இணைத்துக் காட்டியது. 1979இல் படப்பிடிப்பு நடந்தபோதே அந்நகரத் தன்பாலீர்ப்பாளர்கள் வீதியில் இறங்கி ஆர்ப்பாட்டம் செய்தனர். திரையில் தம்மைக் கொலைகாரர்களாகக் காண்பவர்கள் நாளை வீதியில் தம்மைத் தாக்குவார்கள் என்பதே அவர்களது அச்சம்.

அந்த அச்சம் முற்றிலும் மிகையானதல்ல என்பதை இங்கிலாந்தில் நடந்த ஒரு வழக்கு காட்டியது. 1987இல் ஒரு வீடியோ நாடா பொலிஸாரின் கையில் சிக்கியது. அதில் சித்திரவதையையும் கொலையையும் காண்பதாக நம்பிய அவர்கள் பாரிய விசாரணையில் இறங்கினர். நாடாவில் இருந்தவர்கள் அனைவரும் உயிரோடிருந்தனர். எவரும் முறைப்பாடு செய்திருக்கவில்லை. எல்லோரும் தாமாக விரும்பிப் பங்குகொண்டவர்கள். ஆயினும் 1990இல் 16 ஆண்கள் குற்றவாளிகளாகக் காணப்பட்டனர். மேன்முறையீடு பிரபுக்கள் சபைவரை சென்றது. 1993 மார்ச்சில், காயம் விளைவிக்கும் செயலுக்குச் சம்மதம் ஓர் எதிர்வாதமாகாது என மூன்று நீதியரசர்கள் கூற, இருவர் மறுத்துரைத்தனர். 1997இல் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றமும் அத்தண்டனைகளில் தலையிட மறுத்தது. இதற்கிடையில், 1996இல், மனைவியின் வேண்டுகோளின்படி அவரது உடலில் தன் பெயரின் முதலெழுத்துக்களைச் சூட்டுக்கோலாகச் சுட்ட கத்தியால் பொறித்த கணவன் ஒருவனை அதே நாட்டின் மேன்முறையீட்டு நீதிமன்றம் விடுவித்தது என்பதும் கவனத்திற்குரியது. கணவனும் மனைவியும் செய்தால் அது அந்தரங்கம். ஆண்கள் சிலர் சேர்ந்து செய்தால் அது குற்றம்.

பத்திரிகைத் தொழிலில் இருந்தவன் என்ற முறையில் இன்னொரு சம்பவத்தை என்னால் கடந்து செல்ல முடியாது. 2008 மார்ச்சில் இலண்டனின் 'நியூஸ் ஒஃப் த வேர்ல்ட்', உலக மோட்டார்ப் பந்தய அமைப்பின் தலைவராயிருந்த மக்ஸ் மோஸ்லியின் அந்தரங்கத்தை, மறைத்துவைத்த கமெரா மூலம் படமெடுத்து முதற்பக்கத்தில் வெளியிட்டது. அவரது தந்தை ஒஸ்வால்ட் மோஸ்லி பிரித்தானிய பாசிசக் கட்சியின் தலைவராயிருந்தவர். ஆகவே அந்நிகழ்வுக்கு நாஜிச் சாயமும் பூசப்பட்டது. அதே ஆண்டு யூலையில் தீர்ப்பளித்த நீதிபதி ஈடி, நாஜித் தன்மைக்கு ஆதாரம் எதுவுமில்லை என்றும், வயது வந்தவர்களின் சம்மதத்துடன் நடந்ததை வெளியிடுவதில் பொதுநலன் எதுவுமில்லை என்றும் கூறி 60,000 பவுண் நட்டஈடு வழங்கினார். செய்தியறையில் இருப்பவர்களுக்கு ஒன்று தெரியும்: சம்மதம் இருந்தது என்று எழுதினால் அங்கே செய்தி இல்லை. எனவே அச்சொல் தலைப்பிலிருந்து மட்டுமல்ல, செய்தியிலிருந்தே நீக்கப்பட்டுவிடுகிறது. எமது தமிழ்ப் பத்திரிகைகளும் 'வக்கிரம்' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் பாலியல் வன்முறையையும் இருவரின் விருப்பத்தையும் ஒன்றாகப் போட்டு மூடிவிடுவதுண்டு. இரண்டையும் வேறுபடுத்தத் தெரியாத மொழியில், அடிபட்ட பெண்ணின் முறைப்பாடும் வலுவிழந்துதான் போகும்.

இந்தப் பின்னணியில்தான் 2011இல் 'ஃபிஃப்டி ஷேட்ஸ் ஒஃப் கிறே' வந்தது. இலண்டனைச் சேர்ந்த ஈ. எல். ஜேம்ஸ் என்பவர், 'ட்வைலைட்' கதைகளின் இரசிகையாக இணையத்தில் எழுதிய தொடரே பின்னர் நாவலாக உருப்பெற்றது. மூன்று பாகங்களும் சேர்ந்து சில ஆண்டுகளுக்குள் உலகெங்கும் 10 கோடிப் பிரதிகளைத் தாண்டி விற்பனையாயின. 2015இல் திரைப்படமும் வந்தது. மறைவாக வாசிக்கப்பட்ட விடயம் சாதாரண புத்தகக் கடைகளின் முன்வரிசைக்கு வந்துவிட்டதென்று பலர் மகிழ்ந்தனர்.

மசோக்கின் ஒப்பந்தம் இந்த நாவலில் மீண்டும் தோன்றுகிறது. ஆனால் கதாநாயகி கடைசிவரை அதில் கையொப்பமிடுவதில்லை. கோடீசுவரக் கதாநாயகன் அவளது கைத்தொலைபேசியைக் கொண்டு அவள் இருக்குமிடத்தைக் கண்டறிகிறான். அவளைக் கேளாமலே அவளது காரை விற்கிறான். அவள் வேலைசெய்யும் நிறுவனத்தையே வாங்குகிறான். இவையெல்லாம் காதலின் ஆழமாகக் காட்டப்படுகின்றன. அவனது விருப்பத்துக்கோ சிறுவயதில் பட்ட கொடுமைகளே காரணமாகச் சொல்லப்படுகின்றன. அவளது அன்பினால் அவன் தேறித் திருமணம் செய்து பிள்ளைகளும் பெறுகிறான். அதாவது, கிராஃப்ட்-எபிங்கின் நோயாளி 120 ஆண்டுகளின் பின் பட்டாடை உடுத்தித் திரும்பி வந்திருக்கிறார். விருப்பம் நோயாகவும், கட்டுப்படுத்தல் காதலாகவும் இடம்மாறி நிற்கின்றன.

வாசகர்கள் மீது இதன் தாக்கம் என்ன? 2014இல் அமெரிக்காவில் ஏமி பொனோமி தலைமையிலான ஆய்வுக் குழு, 18 முதல் 24 வயதுவரையான பெண்களிடம் நடத்திய ஆய்வில், இந்நாவலைப் படித்தவர்களிடையே, தம்மை ஏசியும் பின்தொடர்ந்தும் துன்புறுத்தும் துணைவர்களைக் கொண்டிருந்தோர் கூடுதலாக இருந்ததைக் கண்டது. எது முதலில் வந்தது, நாவலா துன்பமா என்பதைத் தம் ஆய்வால் கூறமுடியாதென்றும் அக்குழு நேர்மையாகவே குறிப்பிட்டது. மறுபுறத்தில், அவுஸ்திரேலியாவில் சுமார் 19,000 பேரிடம் நடத்தப்பட்டு 2008இல் வெளியான ஆய்வு, முந்திய ஓராண்டில் இத்தகைய பழக்கத்தில் ஈடுபட்டிருந்தோர் 1.8 வீதத்தினர் என்றும், அவர்கள் மற்றவர்களைவிடக் கூடுதலாக வன்புணர்வுக்கு ஆளானவர்களோ மனத்துயர் கொண்டவர்களோ அல்லர் என்றும் கண்டது. திரையில் நாம் காணும் நோயாளி, நிஜத்தில் பெரும்பாலும் அகப்படவில்லை.

கதைகள் உண்டாக்கிய மயக்கம் நீதிமன்றத்தையும் எட்டியது. பெண்ணைக் கொன்றுவிட்டு, அவளே விரும்பிக் கேட்ட விளையாட்டு அது என்று வாதிட்ட வழக்குகள் கவலை தருமளவுக்கு வந்தன. 2018 திசெம்பரில் நியூசிலாந்தின் ஓக்லண்டில் இளம் பிரித்தானியப் பெண் ஒருவரைக் கொன்றவனும் அதையே கூறினான். ஜூரிகள் அதை ஏற்கவில்லை. அத்தகைய எதிர்வாதத்தைத் தடுக்குமுகமாக 2021ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டத்தில் இங்கிலாந்து ஒரு பிரிவைச் சேர்த்தது. இறந்தவள் வந்து 'நான் சம்மதிக்கவில்லை' என்று சாட்சி சொல்லமாட்டாள் என்பதே அந்த வாதத்தின் பலமாக இருந்தது.

வைத்தியத் துறை தன் பங்குக்குப் பிழையைத் திருத்திக்கொண்டுவிட்டது. 2019இல் ஏற்கப்பட்டு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார அமைப்பின் நோய்ப் பட்டியலில், சம்மதத்துடன் நிகழ்வது நோயாகக் கொள்ளப்படுவதில்லை. மற்றவரின் விருப்பத்துக்கு மாறாகத் துன்புறுத்தி இன்பங்காணும் போக்கு மட்டுமே அதில் இடம்பெறுகிறது. சாத்தையும் மசோக்கையும் மீண்டும் பிரித்துவைக்க வைத்தியர்களுக்கு ஏறத்தாழ 130 ஆண்டுகள் பிடித்தன.

கதை எழுதுபவர்களும் படம் எடுப்பவர்களும் செய்தி எழுதும் எம்மவர்களும் இன்னும் அந்த வேலையைச் செய்து முடிக்கவில்லை. அந்தரங்க விருப்பங்களைப் பற்றி எழுதவேண்டிய கட்டாயம் எவருக்குமில்லை. எழுதுவதானால், அங்கே சம்மதம் கேட்கப்பட்டதா, 'போதும்' என்ற சொல்லுக்கு மதிப்பிருந்ததா என்ற இரண்டு கேள்விகளுக்கும் பதிலை எழுதவேண்டும். அவ்விரண்டும் இல்லாத எழுத்து, வாசகனுக்கு வன்முறையைக் காதலென்றும் காதலை வன்முறையென்றும் கற்பித்துக்கொண்டே இருக்கும்.