காகம் வந்து தங்கிய வீடு

2015-இல் இங்கிலாந்தில் ஒரு குறுநாவல் வந்தது. பெயர் 'கிரீஃப் இஸ் த திங் வித் ஃபெதர்ஸ்'. மேக்ஸ் போர்ட்டரின் முதல் நூல். லண்டனில் ஒரு தாய் திடீரென இறக்கிறாள். கணவனும் இரண்டு சிறுவர்களும் தவிக்கும் வீட்டுக்குள் ஒரு காகம் வந்து, அவர்களுக்குத் தான் தேவைப்படும்வரை போகமாட்டேன் என்று தங்கிவிடுகிறது.

இந்தக் காகத்துக்கு ஒரு வரலாறு உண்டு. கவிஞர் டெட் ஹியூஸின் மனைவி சில்வியா பிளாத் 1963-இல் தற்கொலை செய்துகொண்டார். இரண்டு குழந்தைகள் தாயை இழந்தன. 1969-இல் ஹியூஸின் துணைவி ஆசியா வெவில், நான்கு வயது மகள் ஷூராவையும் கொன்று தானும் மாய்ந்தார். 1970-இல் வந்த 'க்ரோ' கவிதை நூலை ஹியூஸ் அந்த இருவருக்கும் சமர்ப்பித்தார். நாவலில் வரும் தந்தை, அந்த ஹியூஸைப் பற்றி நூல் எழுதுபவர். போர்ட்டரும் ஆறு வயதில் தந்தையை இழந்தவர்.

நாவலின் சிறுவர்கள் பொய் சொல்கிறார்கள், குறும்பு செய்கிறார்கள். அதுவும் அழுகைதான். "அழாதே, நீ பெரிய பையன்" என்று தாயற்ற பிள்ளையிடம் பெரியவர்கள் சொல்வதைப் பள்ளி வாசலில் பலமுறை கேட்டிருக்கிறேன். துக்கத்துக்கு நாம் கெடு வைக்க வேண்டாம். போகும் நேரம் காகத்துக்குத் தெரியும்.