வெளிநாட்டுப் படிப்பும் எஸ்.பி.எம். தேர்வுத் தகுதியும்

பாகான் செராய், பேராக் மாநிலத்தின் கிரியான் மாவட்டத்தில் நெல்வயல்களும் பழைய தோட்டங்களும் சூழ்ந்த நகரம். இவ்வூர்ப் பிள்ளைகளும் ஐந்தாம் படிவ முடிவில் எஸ்.பி.எம். எனும் மலேசியக் கல்விச் சான்றிதழ்த் தேர்வை எழுதுகிறார்கள். இடையில் ஒருவர் வெளிநாடு சென்று படித்தால் தேர்வெழுதும் உரிமை போய்விடாது. எழுதும் வழிதான் மாறுகிறது.

மலாயாவும் சிங்கப்பூரும் ஒரே சீனியர் கேம்பிரிட்ஜ் தேர்வை எழுதிய காலத்தில் எல்லை தாண்டிப் படிப்பது பெரிய சிக்கலாக இருக்கவில்லை. 1970இல் ஆங்கிலப் பள்ளிகளின் முதலாம் ஆண்டில் தொடங்கிய மலாய்மொழி வழிக்கல்வி, 1980 வாக்கில் ஐந்தாம் படிவத்தை எட்டியது. அதன்பின் எல்லை தாண்டிய படிப்பு வேறொரு பாதையாகிவிட்டது.

ஐந்தாம் படிவத்துக்கு முன்பே திரும்பும் மாணவர், மாவட்டக் கல்வி இலாகா வழியாக இடைநிலைப்பள்ளியில் இடம் கேட்கலாம். மூன்றாம் படிவத்தின் பிதி3 தேர்வு 2022இல் நீக்கப்பட்டதால், அதை எழுதவில்லையே என்ற கவலை இப்போது வேண்டாம். தாமதமாகத் திரும்புவோருக்குத் தனியார் தேர்வராகப் பதிவுசெய்யும் வழி உண்டு. பாடவாரியாகக் கட்டணம் செலுத்த வேண்டும்.

உண்மையான தடை மலாய்மொழித் தாளில்தான் இருக்கிறது. அதில் தேறாதவருக்கு எஸ்.பி.எம். சான்றிதழே கிடைக்காது. 2013 முதல் வரலாற்றுப் பாடத்திலும் தேற வேண்டும். சிங்கப்பூரில் படிக்கும் தமிழ்ப் பிள்ளை பெரும்பாலும் தாய்மொழிப் பாடமாகத் தமிழையே எடுத்து ஓ நிலைத் தேர்வை முடிக்கிறது. இந்தியாவில் பத்தாம் வகுப்பு முடிப்பவரிடமும் மலாய்த் தேர்ச்சி இராது. மற்றப் பாடங்களில் எவ்வளவு உயர்ந்த மதிப்பெண் பெற்றாலும், மலேசிய அரசாங்கப் பல்கலைக்கழகத்துக்கு மலாய்மொழியில் கிரெடிட், அதாவது வெறும் தேர்ச்சிக்கு மேலான நிலை, தேவை. வெளிநாட்டில் மருத்துவம் முடித்துத் திரும்பி, நிரந்தர அரசாங்கப் பணியில் சேர விரும்பும் மருத்துவரும் இந்தத் தாளைத் தாண்டியாக வேண்டும். பட்டம் பெற்ற கையோடு பதினேழு வயதுப் பிள்ளைகளுடன் அமர்ந்து மலாய்க் கட்டுரை எழுதும் நிலை கொடியது. அதே நேரம், முன்பே அறிந்தால் எளிதில் தவிர்க்கக்கூடியது.

இப்போதைய பாடத்திட்டத்தில் மலாய்மொழிக்கு எழுத்துத் தாள்களோடு பேச்சுத் தேர்வும் உண்டு. புத்தகத்தை மட்டும் படித்துத் தேறலாம் என்று எண்ணிவிடக் கூடாது. மலாய் கேட்டும் பேசியும் பழகாமல் சில ஆண்டுகள் வெளியே இருந்த மாணவருக்கு இது பெருஞ்சுமை.

மலாய் தடையாக இருந்தாலும், தமிழ்மொழி, தமிழ் இலக்கியப் பாடங்களும் எஸ்.பி.எம். தேர்வில் உள்ளன. வெளிநாட்டிலிருந்து திரும்புபவரும் இவற்றை எடுக்கலாம்.

தோட்டத்தில் உழைத்துச் சேமித்த பணத்தில் பிள்ளையை அனுப்பும் பெற்றோர், பயணச் சீட்டு எடுப்பதற்கு முன்பே மலாய்மொழி, வரலாறு ஆகிய இரண்டு தாள்களையும் எந்த ஆண்டில், எங்கே எழுதுவது என்று மாவட்டக் கல்வி இலாகாவில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.